2/6 கல்லருகே வீசிய துப்பட்டா

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு பங்குனி மாதக் கடைசியில், கொட்டாம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கண்மாய்க் கரையில் நடந்தது இது. கரை என்றால் வெறும் கரை இல்லை, அது ஒரு மாநில நெடுஞ்சாலை. பெயர்தான் பெரிசு. முழு நீளமே ஏழரை கிலோமீட்டர். பஸ் டிரைவர் டாப் கியர் போடுவதற்குள் ரோடு முடிந்துவிடும். கிழக்கு முனையில் ஒரு ஊர், மேற்கு முனையில் ஒரு ஊர். நடுவில் நாலு கிலோமீட்டருக்கு ஒரு பக்கம் வயல், மறுபக்கம் தண்ணீர். இரண்டு ஊர்களின் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை, கிழக்கூர், மேற்கூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதை முதலில் எழுதுவது என்பதில்தான் இந்தக் கதையின் வில்லங்கமே இருக்கிறது.

நான் சர்வே வேலை பார்ப்பவள். மதுரையில் தெற்குமாசி வீதிப் பக்கம் வீடு. வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், தெருவில் பேசுவது மதுரைத் தமிழ், வேலையில் பேசுவது மீட்டரும் சென்டிமீட்டரும். அந்த ரோட்டை அகலப்படுத்துவதற்கு முன்னால் அளந்து கொடுக்கும் வேலை எங்கள் ஆபீசுக்கு வந்திருந்தது. அளவுகளோடு, ரோட்டின் வழித்தடம், வரலாறு என்று ஒரு பக்கமும் எழுதித் தர வேண்டும். அந்த ஒரு பக்கத்துக்கு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. காகிதத்தில் ஒன்றுமே கிடைக்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் அது கண்மாய்க் கரை மட்டும்தான். மழைக்காலத்தில் வயலுக்குள் வண்டி இறங்கினால் அச்சு வரை புதையும் என்பதால் மாட்டுவண்டிகளைக் கரைமேல் ஏற்றினார்கள். வண்டித் தடத்தில் சரளை கொட்டினார்கள், அப்புறம் தார் போட்டார்கள், பஸ் விட்டார்கள். கடைசியில் மாநில நெடுஞ்சாலை என்று நம்பர் கொடுத்து, தலையில் பச்சை அடித்த கிலோமீட்டர் கற்களை நட்டார்கள். ரோடு ஏன் இப்படி வளைந்து வளைந்து போகிறது என்று கேட்டால் பதில் சுலபம். தண்ணீர் எங்கே நின்றதோ அங்கேதான் கரை போட முடியும், கரை எங்கே போனதோ அங்கேதான் ரோடு.

அன்றைக்கு விடியற்காலையில் மதுரையிலிருந்து கிளம்பினோம். நானும், என்னோடு பத்து வருஷமாக வேலை பார்க்கிற ஓர் அண்ணனும். நான் முக்காலியில் கருவியை வைத்து அதன் கண் வழியாகப் பார்ப்பேன். அண்ணன் தூரத்தில் ஒரு கம்பை நட்டுப் பிடித்துக்கொண்டு நிற்பார். கம்பின் உச்சியில் கண்ணாடிக் கட்டி ஒன்று இருக்கும், பிரிசம் என்போம். இவ்வளவுதான் எங்கள் தொழில். அண்ணன்தான் வண்டியும் ஓட்டுவார்.

கரைக்கு வந்து சேர்ந்தால் ஒரே ஜனக்கூட்டம். ரோட்டோரம் முழுக்க டூவீலரும் லோடு ஆட்டோவும். கண்மாயைச் சுற்றி ஆணும் பெண்ணுமாக வலை, சாக்கு, பழைய சேலை, கொசுவலை என்று கையில் கிடைத்ததோடு நிற்கிறார்கள். தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றிக் கிடந்தது. ஆனால் ஒருத்தர்கூட அதில் கால் வைக்கவில்லை. எனக்கோ எரிச்சல். பதினோரு மணிக்குள் அளந்து முடிக்காவிட்டால் கானல் அடித்துக் கருவியில் எதுவும் தெரியாது. எதற்கும் காத்திருப்பது எனக்குப் பிடிக்காத விஷயம். அது என் பிறவிக் குணம், வீட்டில் கேட்டால் பக்கம் பக்கமாகச் சொல்வார்கள்.

நான் கருவியை வைத்தது ஒரு வளைவில், மடைக்குப் பக்கத்தில். அங்கே 2/6 என்று எழுதிய சின்னக் கல் ஒன்று உண்டு. கிழக்கூரில் இருக்கும் பூஜ்யத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர், அறுநூறு மீட்டர் என்று அர்த்தம். கல்லை ஒட்டி ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஓர் அக்கா நின்றிருந்தார். கையில் ஊத்தா. அடியும் மேலும் திறந்த மூங்கில் கூடை அது. சேற்றுத் தண்ணீரில் கவிழ்த்து அமுக்கி, மேல் ஓட்டை வழியாகக் கையை விட்டு மீனை எடுப்பார்கள்.

"என்னக்கா, எல்லாரும் இறங்காம நிக்கிறாங்க?" என்று கேட்டேன்.

"மீன்பிடித் திருவிழாம்மா. பெரியவுக பேசி முடிக்கணும். அதுக்கப்புறந்தான் எறங்கணும்" என்றார். "அஞ்சு வருசமா நடக்கல. இந்த ஊத்தா அஞ்சு வருசமாப் பரண்லதான் கெடக்கு."

அப்புறம் அவராகவே விஷயத்தைச் சொன்னார். கரை வெறும் கரையாக இருந்தவரை இரண்டு ஊரும் சேர்ந்துதான் திருவிழாவை ஆரம்பித்துவைக்குமாம். ரோட்டுக்கு நம்பர் வந்து, பெயர்ப் பலகையில் கிழக்கூர் பெயர் முதலிலும் மேற்கூர் பெயர் இரண்டாவதும் வந்ததும் வினை பிடித்துக்கொண்டது. பூஜ்யம் கிலோமீட்டர் எங்கள் ஊரில்தான் இருக்கிறது, அதனால் நாங்கள்தான் ஆரம்பித்துவைப்போம் என்று கிழக்கூர். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் ஏழரைதானே, இந்த வேலையெல்லாம் எங்களிடம் வேண்டாம் என்று மேற்கூர். கிழக்கூர் அம்பலகாரர், அதாவது ஊர்த் தலைவர், இந்த அக்காவின் கூடப் பிறந்த அண்ணன். மேற்கூர் அம்பலகாரர் வேறு யாருமில்லை, அக்காவைக் கட்டியவர். ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர்.

"எங்கண்ணன் சொன்னத இவுககிட்டச் சொல்லணும், இவுக சொன்னத எங்கண்ணன்கிட்டச் சொல்லணும். அஞ்சு வருசமா நான்தான் ரெண்டு பக்கமும் போன் மாதிரி. இப்பவும் கிழக்க ஆலமரத்தடியில ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு ஒக்காந்திருக்காக. போலீசு வேற வந்திருக்கு. இன்னும் பத்து நாள் போச்சுன்னா தண்ணி வத்தி அம்புட்டு மீனும் செத்து மெதக்கும். போன வருசமும் அப்படித்தான். ஊரே நாறிப்போச்சு" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கூச்சமாகவும் இருந்தது. கிலோமீட்டர் கல்லை வைத்துச் சோறு தின்கிறவள் நான். அந்தக் கல் ஐந்து வருஷமாக ஒரு குடும்பத்தைப் பேசவிடாமல் செய்யும் என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இதற்குள் அண்ணன் அடுத்த வளைவுக்குப் போய்க் கம்பை நட்டுவிட்டார். தண்ணீருக்குக் குறுக்கே அரை கிலோமீட்டர் இருக்கும். கணக்கைச் சரிபார்க்க அந்தக் குறுக்களவு கட்டாயம் வேண்டும். அளவும் எடுத்தாகிவிட்டது. அடுத்த இடத்துக்குப் போங்கள் என்று அவருக்குச் சொல்ல வேண்டும். போனில் டவர் இல்லை, வாக்கி டாக்கியில் சார்ஜ் இல்லை. வெயிலுக்காகத் தலையில் சுற்றியிருந்த வெள்ளைத் துப்பட்டாவை எடுத்து ஆட்டினேன். எங்களுக்குள் பழைய பழக்கம்தான் அது. அண்ணன் அசையவில்லை. மறுபடி ஆட்டினேன். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

பக்கத்தில் நின்ற அக்கா என்னையும் துப்பட்டாவையும் ஒரு நிமிஷம் பார்த்தார். "இப்படி ஆட்டுனா அம்புட்டுத் தூரத்துக்கு எப்படித் தெரியும்? மடைச் சுவத்து மேல ஏறி நின்னு, நல்லா ஒசத்தி வீசும்மா" என்றார்.

சரியான யோசனை என்று எனக்குப் பட்டது. மடைச் சுவரில் ஏறினேன். அண்ணன் நின்ற மேற்குத் திசையைப் பார்த்து, துப்பட்டாவின் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து, தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி வீசினேன்.

"வெள்ளை வீசியாச்சு!" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

அடுத்த நொடி கண்மாயே எழுந்து நின்றது போல ஒரு சத்தம். ஆயிரக்கணக்கான பேர் நாலு பக்கமிருந்தும் கத்திக்கொண்டு தண்ணீருக்குள் பாய்ந்தார்கள். அந்த அக்காவும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஊத்தாவோடு குதித்ததைப் பார்த்தேன். தண்ணீர் ஒரு நிமிஷத்தில் காபி நிறமாகிவிட்டது. சேற்றுக்குள்ளிருந்து மீன்கள் ஆள் உயரத்துக்குத் துள்ளின. ஒருத்தர் வலையில் விழுந்தது துள்ளி இன்னொருத்தர் சேலையில் விழுகிறது, அதற்குச் சண்டையில்லை, சிரிப்புதான். எனக்கும் மெய்சிலிர்த்துவிட்டது. சரியான நேரத்தில்தான் வந்திருக்கிறோம், பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பாருங்கள், என் புத்தியை!

கருவியின் கண் வழியாக அண்ணனைத் தேடினேன். கம்பு மட்டும் தனியாக நின்றிருந்தது. அதன் கீழே அவருடைய செருப்பு. அண்ணனைக் காணோம்.

"வெள்ளை வீசுறதுன்னா என்னங்க?" என்று ரோட்டில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அம்பலகாரர் வெள்ளைத் துண்ட வீசுவாரு. அப்பத்தான் எறங்கணும். ஆதி காலத்துலருந்து அதான வழக்கம்" என்றார்.

என் கையில் துப்பட்டா. வெள்ளை வெளேரென்று.

மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவள், இந்த ரோட்டின் ஒவ்வொரு மீட்டரும் எனக்கு அத்துபடி, வரலாறு கூடக் கேட்டு எழுதியாகிவிட்டது. வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் இந்த வழக்கம் மட்டும் தெரியவில்லை. அதற்குள் ஆலமரத்தடியிலிருந்து இரண்டு கூட்டமாக ஆட்கள் ஓடி வருவது தெரிந்தது. முன்னால் இரண்டு அம்பலகாரர்கள், பின்னால் காக்கிச் சட்டை இரண்டு பேர்.

"பேச்சு நடக்கும்போதே ஆளை விட்டு வீசச் சொல்லிட்டீகளா? இதான் ஒங்க ஊரு யோக்கியதையா?" என்றது ஒரு பக்கம்.

"வீசுனது ஒங்க ஆளு! பழிய எங்க மேல போடுறீகளா?" என்றது மறுபக்கம்.

உண்மையைச் சொல்கிறேன், ஓடிவிடத்தான் நினைத்தேன். ஆனால் வண்டிச் சாவி அண்ணனின் சட்டைப் பையில், அண்ணன் கண்மாய்க்குள். அதற்குள் இளவட்டங்கள் இரண்டு பேர் ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்துவிட்டார்கள். நான் வாயைத் திறக்காவிட்டால், இரண்டு ஊரும் அடுத்தவர்தான் ஏமாற்றினார் என்று நம்பிக்கொண்டு ஆயுசுக்கும் பேசாது. கீழே தண்ணீரில் ஆயிரம் பேர் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், மேலே ரோட்டில் மண்டை உடையப்போகிறது. துப்பட்டாவைக் கையில் தூக்கிக்கொண்டு நடுவில் போய் நின்றேன்.

"ஐயா, நான்தான் வீசினேன். வேணும்னு செய்யலை. எங்க அண்ணனுக்குச் சைகை காட்டினேன். இப்படி ஒரு வழக்கம் இருக்குன்னு எனக்குத் தெரியாது. மன்னிச்சிடுங்க."

சட்டையைப் பிடித்திருந்த இளவட்டங்கள் கையை எடுத்துவிட்டார்கள். கிழக்கூர் அம்பலகாரர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு என்னையும் துப்பட்டாவையும் மஞ்சள் முக்காலியையும் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"எந்த எடத்துல நின்னும்மா வீசுன?"

தொழில் புத்தி எங்கே போகும்? "ரெண்டு கிலோமீட்டர் அறுநூறு மீட்டர்ங்கய்யா" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டுக்கங்க! ஏழரையில பாதிகூட வரல. எங்க எல்லையில நின்னுதான் வீசியிருக்கு."

மேற்கூர்க்காரர்கள் முறுக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். போச்சு, எண்ணைச் சொல்லி நானே நெருப்பை ஊதிவிட்டேன் என்று நினைத்தேன். கண்டக்டர் அம்பலகாரர் கையைத் தூக்கித் தன் ஆட்களை நிறுத்தினார். டிக்கெட் கேட்கிற அதே குரலில், "சரிம்மா. எந்தப் பக்கம் பாத்து வீசுன?" என்றார்.

"மேற்க பாத்துத்தான் சார். எங்க அண்ணன் அங்கதான் நின்னாரு."

"அப்பச் சரியாப்போச்சு. அவுக மண்ணுல நின்னு, எங்களப் பாத்து வீசியிருக்கு" என்றார் அவர். மீசைக்குள் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

இரண்டு பேரும் கண்மாயைத் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாருமே தலையிலிருந்து கால் வரை சேறு. யார் எந்த ஊர் என்று பெற்ற தாய்க்குக்கூடத் தெரியாது. அவர்களில் யாரைக் கரைக்கு ஏறச் சொல்ல முடியும்? கிழக்கூர்க்காரர் தோள் துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். "மச்சான், வேட்டிய மடிச்சுக் கட்டுங்க. நாம மட்டும் எதுக்கு வெயில்ல நிக்கணும்?" என்றார்.

ஐந்து வருஷத்தில் அவர் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று பக்கத்திலிருந்தவர் என் காதில் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமாகக்கூட இல்லை. இரண்டு பேருமாகப் போய் மடையில் தேங்காய் உடைத்துச் சூடம் கொளுத்தினார்கள். முன்னால் கும்பிட வேண்டியதைப் பின்னால் கும்பிட்டார்கள், அவ்வளவுதான். அப்புறம் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்கள். காக்கிச் சட்டைக்காரர்களில் ஒருவர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் பார்த்ததாக யாரிடமும் சொல்ல வேண்டாம்.

பத்தரை மணி வாக்கில் அண்ணன் வந்து சேர்ந்தார். வேலைக்குப் போடுகிற ஆரஞ்சுக் கோட்டு முழுக்கக் கெண்டையும் கெளுத்தியும். "ஏண்ணே, நான் வீசினது உங்களுக்குத் தெரியலையா?" என்று பல்லைக் கடித்தேன். "நீ எப்ப வீசுன? எல்லாரும் குதிச்சாக, நானும் குதிச்சேன்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் அந்த அக்காவும் சொட்டச் சொட்ட நனைந்து கரையேறினார். கை நீளத்துக்கு ஒரு விராலைச் சாக்கில் சுற்றி என்னிடம் நீட்டினார். இந்த மீனை விற்கக் கூடாதாம், கொடுக்கலாமாம். "எனக்கு எதுக்குக்கா? நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன்" என்றேன்.

அக்கா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தப்பாவது! மடைச் சுவத்துல ஏறச் சொன்னது யாரு?"

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

"வெள்ளை வீசியாச்சுன்னு மொதச் சத்தம் போட்டது யாரு?" என்றார். சேறு அப்பிய முகத்தில் பல் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. "ரெண்டு பக்கமும் தூது போயி எனக்கு அலுத்துப்போச்சும்மா. நீ துணிய எடுத்து ஆட்டுன பாரு, அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் அந்த 2/6 கல்லைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சாக்கின் மேல் என் துப்பட்டாவையும் சுற்றிக் கருவிப் பெட்டிக்குள் வைத்த விரால் எங்கள் வீடு வரை உயிரோடு வந்தது. கண்மாய் மீனே ஏறாத அடுப்படியில் அது துள்ளி விழுந்து, அம்மா சௌராஷ்டிரத்தில் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். சாயங்காலம் அம்மாவே இரண்டு தரம் குழம்பு ஊற்றிக்கொண்டார் என்பது வேறு விஷயம். கருவிப் பெட்டியிலிருந்து மீன் வாடை போக ஒரு மாதம் ஆயிற்று.

அந்த அறிக்கையில் வரலாற்றுப் பக்கத்தை ஒழுங்காக எழுதிக் கொடுத்தேன். ரோட்டை அகலப்படுத்தும்போது இடம் மாற்றக் கூடாதவை என்று ஒரு பட்டியல் வரும். ஆலமரம், மடை, ஐயனார் கோயில் ஆகியவற்றோடு 2/6 கல்லையும் சேர்த்தேன். காரணம் என்ற கட்டத்தில் "இரண்டு ஊருக்கும் பொது" என்று எழுதினேன். மேலே இருந்து ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

இப்போது வருஷா வருஷம் திருவிழா நடக்கிறது. ஒரு வருஷம் கிழக்கூர்க்காரர், ஒரு வருஷம் மேற்கூர்க்காரர் என்று முறை வைத்திருக்கிறார்கள். யார் வீசினாலும் அந்த மடைச் சுவரில் நின்று, எதிர் ஊரைப் பார்த்துத்தான் வீச வேண்டும். எனக்கும் அண்ணனுக்கும் தவறாமல் போன் வரும். இந்தப் பங்குனியில் போனபோது அக்கா ஒன்று சொன்னார். அன்றைக்குச் சத்தம் போட்டது தான்தான் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டாராம். அவர் கொஞ்சமும் அதிரவில்லையாம். "முப்பது வருசமா ஓங்கூடக் குடும்பம் நடத்துறேன், ஒங்குரல் தெரியாதா? அன்னைக்கே தெரியும். ஒங்கண்ணனுக்கும் தெரியும்" என்றாராம்.

ஆக, இறங்க வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. சாக்கு ஒன்றுதான் கிடைக்காமல் இருந்திருக்கிறது. சேற்றுக் கறை போகாத அந்தத் துப்பட்டாவை இன்னும் கருவிப் பெட்டிக்குள்தான் வைத்திருக்கிறேன். வீட்டிலோ வேலையிலோ யாராவது முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால், யார் முதலில் பேசுவது என்று அளந்துகொண்டிருந்த அந்தப் பழைய வீம்பை விட்டுவிட்டு, நானே முதல் ஆளாக வெள்ளை வீசிவிடுகிறேன்.